நாற்பத்தோராவது நிமிடம்

அந்தச் சைக்கிள் மெக்கானிக்குக்குச் சைக்கிள் ஓட்டப் பிடிக்காது. முப்பத்திரண்டு வருடமாகத் தெருமுனையில் கடை வைத்திருந்தார். சுற்றுவட்டாரத்தில் ஓடுகிற சைக்கிள்களில் பாதி அவர் கைபட்டவை. ஆனால் வீட்டிலிருந்து கடைக்கு அவர் வருவது ஸ்கூட்டரில்தான். யாராவது கேலி செய்தால், "டாக்டருங்க எல்லாம் தினம் ஒரு ஊசி போட்டுக்கிறாங்களா என்ன?" என்று திருப்பிக் கேட்பார். கேட்கும்போது அவருடைய தொப்பையும் சேர்ந்து குலுங்கும்.

ஆனால் வேலை சுத்தமான வேலை. எந்தச் சைக்கிள் வந்தாலும் ஸ்டாண்டில் தூக்கி மாட்டுவார். பெடலைக் கையால் சுற்றிவிட்டுத் தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். பேரிங் தேய்ந்ததா, செயின் நீண்டதா, கம்பி தளர்ந்ததா என்று அரை நிமிடத்தில் சொல்லிவிடுவார். இந்தக் காதை மிஞ்ச இன்னொரு காது பிறக்கவில்லை என்று அவருக்கு ஒரு நினைப்பு உண்டு. அந்த நினைப்புதான் பின்னால் அவரைப் படாத பாடு படுத்தியது.

இன்னொரு பழக்கமும் இருந்தது. புது சைக்கிள் விற்றால் வாங்கினவரை ஏறி உட்காரச் சொல்லி, குதிகாலைப் பெடலில் வைத்துக் காலை நீட்டச் சொல்வார். கால் நேராக நீண்டதும் சீட்டை அந்த உயரத்தில் இறுக்குவார். பிறகு சீட்டுக் கம்பி சட்டக் குழாய்க்குள் நுழைகிற இடத்தில் மனைவியின் நெயில் பாலிஷால் ஒரு சிவப்புக் கோடு போடுவார். யார் சீட்டை ஏற்றினாலும் இறக்கினாலும் கோடு காட்டிக்கொடுத்துவிடும். "என் விரலுக்குப் பூசினதைவிட ஊர்ச் சைக்கிளுக்குப் பூசினதுதான் அதிகம்" என்று மனைவி அலுத்துக்கொள்வாள்.

அவரிடம் சைக்கிள் வாங்கியவர்களில் ஒருவர் நில அளவைத் துறையில் வேலை பார்த்த சர்வேயர். உயரத்தில் மெக்கானிக்கும் அவரும் ஒன்றுதான். அகலத்தில் மட்டும் இரண்டு சர்வேயரைச் சேர்த்தால்தான் ஒரு மெக்கானிக். வயல்வெளி வேலையிலிருந்து நேராக, கனத்த பூட்ஸில் சேறு காயாமல் வந்து நின்று, நீல நிற சைக்கிள் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். மெக்கானிக் அளவு பார்த்தார், இறுக்கினார், கோடு போட்டார். "ஒரு வாரம் ஓட்டிட்டு வாங்க சார், ஏதாவது இருந்தா சரி பண்ணிக்கலாம்" என்று அனுப்பிவைத்தார்.

சர்வேயர் பைத்தியமாக ஓட்டினார். மழைக்காலம் வந்ததும் வீட்டுக்குள் ஓட்ட ஒரு டிரெய்னர் வாங்கிக்கொண்டார். பின்சக்கரத்தைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும் இரும்புத் தாங்கி அது. சக்கரம் ஒரு உருளைமேல் சுழலும், சைக்கிள் இருந்த இடத்திலேயே இருக்கும். ஒரு மாதம் கழித்துக் கடைக்கு வந்தவர் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னத் துண்டுச்சீட்டை எடுத்து நீட்டினார்.

"41-ஆவது நிமிடம். வலது பக்கம். சுற்றுக்கு ஒரு முறை. டக்."

அளக்கிறவர் எழுத்து, அச்சடித்தாற்போல இருந்தது. மெக்கானிக் சைக்கிளை ஸ்டாண்டில் மாட்டிக் கையால் சுற்றினார். கண்ணை மூடினார். ஒன்றுமில்லை.

"சைக்கிள் சும்மா வெண்ணெய் மாதிரி ஓடுது சார்."

"நாப்பது நிமிஷம் வரைக்கும் அப்படித்தாங்க ஓடும். அப்புறந்தான் வருது. வீட்டுக்குள்ள ஓட்டும்போது நல்லாக் கேக்குது."

"அப்போ டிரெய்னர் போடற சத்தமா இருக்கும்."

மூன்று வாரத்தில் இன்னொரு சீட்டு வந்தது. 39-ஆவது நிமிடம். அதற்குப் பிறகு மூன்றாவது சீட்டு. 34-ஆவது நிமிடம், சத்தம் கூடியிருக்கிறது. மூன்று முறையும் மெக்கானிக் அதையேதான் செய்தார். மாட்டினார், சுற்றினார், கண்ணை மூடினார். மூன்றாம் முறை கடையில் ஆள் நெரிசல். அவருக்கு எரிச்சல் வந்துவிட்டது. "சார், சத்தம் சைக்கிள்ல இல்ல. உங்க காதுல இருக்கு" என்றார். நின்றிருந்தவர்கள் சிரித்தார்கள். சர்வேயரும் சிரித்தார். துண்டுச்சீட்டை மேசைமேல் வைத்துவிட்டுச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனார். மெக்கானிக் அந்தச் சீட்டையும் மற்ற இரண்டோடு வாஷர் டப்பாவில் போட்டார். அவருக்குக் காகிதத்தைக் கிழித்தெறிய மனசு வராது.

அதிலிருந்து பதினோராவது நாள் காலை, தண்ணீர்த்தொட்டி இறக்கத்தில் சர்வேயர் விழுந்துகிடந்தார். தலை சுவரில் மோதியிருந்தது. பார்த்தவர் யாருமில்லை. எதிரில் வண்டி வந்த தடமில்லை, சாலையில் பள்ளமில்லை. நினைவு திரும்பாமலே மூன்று நாள் இருந்து போய்ச் சேர்ந்தார். நிலை தடுமாறி விழுந்திருக்கலாம் என்று எழுதி விசாரணையை முடித்துவிட்டார்கள்.

நாற்பது நாள் கழித்துச் சர்வேயரின் மனைவி ஒரு வாடகை வேனில் வந்து இறங்கினார். சைக்கிளும் டிரெய்னரும் வேனுக்குள் இருந்தன.

"வீட்ல கண்ணு முன்னாடி வெச்சுக்க முடியலண்ணே. யாருக்காவது கொடுத்துடுங்க."

"சரிம்மா."

வேனில் ஏறப் போனவர் திரும்பி வந்தார். குரலில் கோபமில்லை, குற்றச்சாட்டு இல்லை. அப்படி ஏதாவது இருந்திருந்தால் மெக்கானிக் பிழைத்திருப்பார்.

"அந்தச் சத்தம் என்னன்னு கண்டுபிடிச்சீங்களாண்ணே?"

மெக்கானிக் சைக்கிளைப் பார்த்தார். "இல்லம்மா. பார்த்துச் சொல்றேன்" என்றார்.

அன்றைக்குக் கடையை மதியமே சாத்திவிட்டு, சைக்கிளைக் கழற்றிப் போட்டார். பேரிங், கிராங்க், செயின், பிரேக் கம்பி, முன் கவை எல்லாவற்றையும் துணியில் பரப்பிப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். முன்சக்கரம் மட்டும் விழுந்த வேகத்தில் நெளிந்திருந்தது. மற்றபடி ஒரு கீறல் இல்லை. பழையபடி பூட்டிக் கையால் சுற்றினார். வெண்ணெய்தான். தான் சொன்னது சரி என்று அவர் நிம்மதியாகத் தூங்கியிருக்க வேண்டும். தூக்கம் வரவில்லை. வாஷர் டப்பாவைக் கவிழ்த்து மூன்று சீட்டுகளையும் தேடி எடுத்தார். நாற்பத்தொன்று, முப்பத்தொன்பது, முப்பத்துநான்கு. ஏதோ ஒன்று கெட்டுக்கொண்டே வந்திருக்கிறது. மனிதர் மூன்று முறை வந்து வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார். இவர் கையால் சுற்றிப் பார்த்து அனுப்பியிருக்கிறார்.

ஆள் ஏறி மிதித்தால்தான் அந்தச் சத்தம் வரும் என்பது அப்போதுதான் மண்டையில் உறைத்தது. அதுவும் நாற்பது நிமிடம் மிதித்தால். ஆக, யாராவது ஏறி நாற்பது நிமிடம் மிதிக்க வேண்டும். வேறு யாரிடமும் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார்கள்.

கடையின் பின்னறையில் பழைய டயர்களை ஒதுக்கிவிட்டு டிரெய்னரைப் போட்டார். சைக்கிளை இருந்தது இருந்தபடி மாட்டினார். நெளிந்த முன்சக்கரத்தைக்கூட மாற்றவில்லை. சாட்சியைக் கலைக்கக்கூடாது என்று ஒரு பிடிவாதம். சிவப்புக் கோடு போட்ட இடத்தில் அப்படியே இருந்தது. அதைப் பார்த்ததில் ஒரு சின்ன ஆறுதல், இதிலாவது யாரும் கை வைக்கவில்லை என்று. ஏறி உட்கார்ந்தார். ஹேண்டில்பாரில் சுற்றியிருந்த பட்டையில் சர்வேயரின் உள்ளங்கை தேய்ந்த இடம் இருந்தது. இவருடைய கை அதே பள்ளத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

முதல் நாள் ஆறு நிமிடம். ஏழாவது நிமிடத்தில் கண் இருட்டி, இறங்கி டயர்க் குவியல்மேல் சாய்ந்துவிட்டார். ஆளில்லாத சைக்கிளின் சக்கரம் இன்னும் கொஞ்ச நேரம் தானாகச் சுற்றி நின்றது. அதைப் பார்த்துக்கொண்டே கிடந்தார்.

மறுநாளும் ஆறு நிமிடம்தான். அதற்கு மறுநாள் ஏழு.

டிரெய்னரில் ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதைப்போல அலுப்பூட்டுகிற வேலை உலகத்தில் இல்லை. காற்று இல்லை, இறக்கம் இல்லை, வேடிக்கை பார்க்க ஒரு நாய்க்குட்டி கிடையாது. போகிற இடமும் கிடையாது. அதனால்தான் பாட்டுப் போட்டுக்கொள்வார்கள், படம் பார்ப்பார்கள், மின்விசிறியை முகத்துக்கு நேராக வைத்துக்கொள்வார்கள். மெக்கானிக்குக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. பாட்டுப் போட்டால் சத்தம் கேட்காது. மின்விசிறி போட்டால் அது இரையும். சன்னலைச் சாத்தி, கதவைச் சாத்தி, புழுங்கிச் செத்துக்கொண்டு, சுவரில் ஒட்டிய மூன்று சீட்டுகளைப் பார்த்து மிதிப்பார். காலை ஆறு மணிக்குக் கடைக்கு வந்தால் எட்டு மணிக்குக் கடை திறக்கும்வரை அந்த அறைதான்.

பன்னிரண்டாவது நிமிடத்தில் தொடை எரியும். பதினெட்டில் மனசு பேரம் பேச ஆரம்பிக்கும். இன்றைக்கு இது போதும், நாளைக்குப் பார்க்கலாம், இந்த வயதில் நெஞ்சு நின்றுவிட்டால் யார் பொறுப்பு. அப்போதெல்லாம் "பார்த்துச் சொல்றேன்" என்று தான் சொன்ன குரல் அவருக்கே கேட்கும். இன்னும் ஒரே ஒரு நிமிடம் என்று தன்னை ஏமாற்றி மிதிப்பார். அது முடிந்ததும் இன்னும் ஒரே ஒரு நிமிடம். இப்படிப் பொய் சொல்லிச் சொல்லியே இருபதைத் தாண்டினார், முப்பதைத் தாண்டினார். சில நாள் மூச்சு வாங்கும்போது பக்கத்தில் இன்னொரு மூச்சும் கேட்கிற மாதிரி இருக்கும். மிதிப்பதை நிறுத்துவார். அதுவும் நின்றுவிடும். "வந்துட்டீங்களா சார்?" என்று ஒருநாள் வாய்விட்டே கேட்டார். கேட்டதும் பயந்துபோய்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டார்.

சத்தம் வர வேண்டும் என்று மிதித்தாரா, வரக்கூடாது என்று மிதித்தாரா என்று கேட்டால் அவருக்கே தெரியாது. வந்தால், பழுது இருந்தது, தன் கை விட்ட பிழையில் ஒரு மனிதன் செத்தான். வராவிட்டால் நாளைக்கு வரலாம்.

மூன்றாம் மாதம் நாற்பத்தொன்றைத் தொட்டார். மிதித்துக்கொண்டே மூச்சை அடக்கிக் கேட்டார். உருளையின் உறுமல் மட்டும்தான். நாற்பத்தைந்து. ஒன்றுமில்லை. இறங்கி உட்கார்ந்து அழுதார். சந்தோஷமா ஏமாற்றமா என்று பிரித்துப் பார்க்க அவரால் முடியவில்லை. மறுநாள் காலை ஆறு மணிக்கு மறுபடி ஏறினார்.

ஊர் சும்மா இருக்குமா? தொப்பை கரைந்து, கால்சட்டை இடுப்பில் நிற்காமல், மெக்கானிக் கயிறு கட்டிக்கொண்டு திரிவதைப் பார்த்து முதலில் சர்க்கரை வியாதி என்றார்கள். பிறகு தினமும் டிரெய்னரில் ஓட்டுகிறார் என்று தெரிந்து தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்கள். அவர் குடியிருந்த அடுக்குமாடியின் மேல்வீட்டுக்காரர் ஒரு வங்கி அதிகாரி. அவரும் ஒரு டிரெய்னர் வாங்கி வைத்திருந்தார். அதில் இப்போது ஈரத் துணி காய்ந்துகொண்டிருந்தது.

"எப்படிண்ணே விடாம ஓட்டுறீங்க? நான் பத்தே நாள்ல படுத்துட்டேன்."

"ஒரு சத்தம் கேக்கணும் சார். அதுக்காகத்தான்."

வங்கி அதிகாரி அசந்துபோனார். "உள்ளேருந்து வர்ற சத்தம். ஆகா! எவ்வளவு பெரிய விஷயத்தை எவ்வளவு சாதாரணமாச் சொல்றீங்க!" என்று கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். அடுத்த குடியிருப்போர் கூட்டத்தில் பேச வரும்படி மெக்கானிக்குக்கு அழைப்பு வந்தது. அன்று முழுக்க அவர் கடைப் பின்னறையில் ஒளிந்துகொண்டார்.

மனைவிக்கு மட்டும் இது ஆரோக்கியம் இல்லை என்று தெரிந்திருந்தது. அவள் ஒரு தையல் ஆலையில் மேற்பார்வையாளர். நாற்பது தையல் இயந்திரங்கள் ஒரே நேரத்தில் ஓடும் கூடத்தில், எந்த வரிசையில் எந்த ஊசி மழுங்கியிருக்கிறது என்று நின்ற இடத்திலிருந்தே சொல்லுவாள். வீட்டில் காது யாருக்கு என்று போட்டி வைத்தால் மெக்கானிக்குக்கு இரண்டாவது இடம்தான். தூக்கத்தில் அவர் கால் மிதிப்பதுபோல அசைவதை அவள் பார்த்திருக்கிறாள். "என்னங்க ஆச்சு உங்களுக்கு?" என்று கேட்டால், "உடம்பு இளைக்க வேண்டாமா" என்பார். அவளும் விட்டுவிடுவாள்.

எட்டாவது மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, நாற்பத்துமூன்றாவது நிமிடத்தில் கேட்டது.

டக்.

வலது பக்கம். அடுத்த சுற்றில் மறுபடி. டக். அடுத்த சுற்றில் மறுபடி. கால் தானாக மிதித்துக்கொண்டிருந்தது, சத்தம் தானாக வந்துகொண்டிருந்தது. "கேட்டுடுச்சு சார், கேட்டுடுச்சு" என்று பிதற்றினார்.

அன்றைக்குக் கடை திறக்கவில்லை. வலது பக்கத்தில் இருந்த ஒவ்வொரு உருப்படியையும் கழற்றினார், துடைத்தார், மாற்றினார். பெடல் புதிது, பேரிங் புதிது, கிராங்க்கூடப் புதிது. மறுநாள் ஏறினார். நாற்பதாவது நிமிடத்தில் டக். செயினை மாற்றினார். முப்பத்தொன்பதில் டக். சுவரில் இருந்த சீட்டுகளைப் பார்க்க அவருக்குப் பயமாக இருந்தது. செத்துப்போனவர் எழுதி வைத்த வரிசையைப் போலவே அது இறங்கிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வேறு வழியில்லாமல் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். சர்வேயர், துண்டுச்சீட்டு, அவர் மனைவி கேட்ட கேள்வி, எட்டு மாதம். அவள் திட்டவில்லை. "இதை வயித்துல வெச்சுக்கிட்டா இத்தனை நாள் சாப்பிட்டீங்க?" என்று மட்டும் கேட்டாள். பிறகு புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, "ஏறுங்க, நான் கேக்குறேன்" என்றாள்.

டக் என்று வந்தபோது அவள் தரையில் மண்டியிட்டிருந்தாள். காதைப் பெடல் பக்கம் கொண்டுபோனாள். கிராங்க் பக்கம் கொண்டுபோனாள். நெற்றி சுருங்கியது. மெல்லக் காதை மேலே நகர்த்தி, சுற்றிக்கொண்டிருந்த அவருடைய முழங்காலின் வெளிப்பக்கத்தில் உள்ளங்கையை வைத்தாள்.

"ஏங்க, சத்தம் சைக்கிள்ல இல்ல. உங்க முட்டியில."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எட்டு மாதத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு, நிறுத்த முடியவில்லை. சைக்கிளில் பழுதில்லை! அப்படியானால் சர்வேயருக்கும் முட்டிதான். பேரிங் இல்லை, கிராங்க் இல்லை, தன் கை இல்லை. மனைவியும் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்கே போய் முட்டியைக் காட்டுங்க" என்றாள்.

பிசியோதெரபி பார்க்கும் பெண் அவரைப் படுக்கவைத்துக் காலை மடக்கினாள், நீட்டினாள். பாதி வரை சத்தமில்லை. முழுக்க நீட்டுகிற இடத்தில் டக் என்றது.

"கேட்டீங்களா? கால் இவ்வளவு தூரம் நீளும்போது இந்தத் தசைநார், எலும்பு மேல வழுக்கி விழுது. தினமும் ஆயிரம் தடவை வழுக்கினா வீங்கிடும். திடீர்னு ஒருநாள் கால் அப்படியே பூட்டிக்கும். உங்க சீட் உயரம் ஜாஸ்தி. ரெண்டு விரல் இறக்குங்க, சத்தம் அப்பவே நின்னுடும்."

"அது என் அளவு இல்லம்மா. வேற ஒருத்தர் அளவு."

"அவர் உங்களைவிட உயரமா?"

"இல்லம்மா. ஒரே உயர..."

சொல்லி முடிக்கவில்லை. அவள் ஏதோ பயிற்சி சொல்லிக்கொடுத்தாள், அவர் தலையாட்டினார், எதுவும் காதில் விழவில்லை.

கடைக்குப் போய்ப் பின்னறைக் கதவைத் திறந்தார். சிவப்புக் கோடு இருந்தது. எட்டு மாதமாகத் தினமும் காலையில் முதலில் பார்த்த கோடு. தான் போட்ட கோடு. கழற்றாத ஒரே இடம், மாற்றாத ஒரே அளவு. கடைக்கு வருகிற எவனாவது கால் எட்டாமல் இடுப்பை ஆட்டி ஆட்டி மிதித்தால், "சீட்டை இறக்குய்யா" என்று ரோட்டிலிருந்தே கத்துகிறவர் அவர். இந்தச் சைக்கிளில் தன் இடுப்பு ஆடியதையும் கவனித்திருந்தார். சர்வேயர் அளவு, அவர் கால் அப்படி என்று விட்டுவிட்டார். அந்த அளவைக் கொடுத்தது யார்?

சேறு காயாத கனத்த பூட்ஸ் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. அந்தப் பூட்ஸின் குதிகாலைத்தான் பெடலில் வைக்கச் சொன்னார். அதன் அடித்தோல் இரண்டு விரல் தடிமன் இருக்கும். சர்வேயர் ஒருநாளும் அதை மாட்டிக்கொண்டு சைக்கிள் ஓட்டியிருக்க மாட்டார். மெல்லிய செருப்பில்தான் ஓட்டியிருப்பார். அடுத்த முறை ஓட்டுகிற செருப்போடு வரச் சொல்லிப் பார்த்திருந்தால் போதும். மூன்று முறை வந்தார். மூன்று முறையும் செருப்பில்தான் வந்தார். ஒருமுறைகூட அவரை ஏறி உட்காரச் சொல்லவில்லை.

அன்றிரவு மனைவியிடம் இதையும் சொன்னார்.

"அதனாலதான் விழுந்தார்னு யார் கண்டா?"

"யாரும் கண்டதில்ல."

"அப்புறம் என்ன? முட்டின்னு சொல்லுங்க. அது உண்மைதானே? அந்த அம்மாவுக்கும் ஒரு பதில் கிடைச்ச மாதிரி ஆச்சு. மிச்சத்தை ஏன் சொல்லணும்?"

அவருக்கும் அது சரியென்றே பட்டது. அந்த முடிவோடுதான் சர்வேயரின் மனைவியைக் கடைக்கு வரச் சொன்னார்.

அவர் வந்தபோது மெக்கானிக் ஏற்கனவே முப்பது நிமிடம் மிதித்து முடித்திருந்தார். பின்னறையில் ஒரு முக்காலி போட்டிருந்தார். "உக்காருங்கம்மா. கொஞ்ச நேரத்துல வரும்" என்றார். மூச்சு வாங்கிக்கொண்டே மிதித்தார். அந்த அம்மா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, சுவரில் இருந்த கணவரின் எழுத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

டக்.

அந்த அம்மாவின் தோள் குலுங்கியது.

"இதுதாண்ணே. இதேதான்." புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். "காலையில இந்தச் சத்தத்துலதான் எனக்கு முழிப்பு வரும். நிறுத்தாதீங்கண்ணே, கொஞ்சம் ஓட்டுங்க."

ஓட்டினார். டக், டக், டக் என்று ஒரு செத்த மனிதனின் காலைப்பொழுது அந்த அறைக்குள் வந்து உட்கார்ந்தது. அதற்கு மேல் மெக்கானிக்கால் தாங்க முடியவில்லை. மிதிப்பதை நிறுத்திவிட்டுச் சொன்னார்.

"இது சைக்கிள் சத்தம் இல்லம்மா. முட்டி. என் முட்டியிலேருந்துதான் வருது. சாருக்கும் அதுதான்."

"முட்டியா?" அந்த அம்மா அவரையே பார்த்தார். "கடைசி வாரம் படியிறங்கும்போது கைப்பிடியைப் புடிச்சுக்கிட்டுதான் இறங்கினாரு. கேட்டா ஒண்ணுமில்லன்னுட்டாரு." பிறகு பெருமூச்சு விட்டார். "அப்போ உங்க மேல தப்பு ஒண்ணும் இல்லண்ணே. உள்ளதைச் சொல்லிடறேன், இத்தனை நாளும் உங்களை மனசுக்குள்ள சபிச்சுக்கிட்டுதான் இருந்தேன். மன்னிச்சுக்குங்க."

தப்பித்துக்கொள்ள ஒரு கதவு திறந்துவிட்டது. வெளியே போய்விட்டால் போதும். எட்டு மாதமும் இதற்காகத்தானே மிதித்தது? மெக்கானிக் சைக்கிளிலிருந்து இறங்கினார். மேசையிலிருந்த திருகுசாவியைக் கையில் எடுத்தார். அதை எடுக்கும்வரை எடுக்கப்போகிறோம் என்று அவருக்கே தெரியாது.

"கொஞ்சம் இருங்கம்மா. இன்னொண்ணு காட்டணும்."

சீட்டுக் கம்பியின் பூட்டைத் தளர்த்தினார். இரண்டு விரலை வைத்து அளந்து சீட்டைக் கீழே அழுத்தினார். சிவப்புக் கோடு சட்டக் குழாய்க்குள் இறங்கி மறைந்தது. இறுக்கினார். மறுபடி ஏறி மிதித்தார்.

ஒரு சுற்று. பத்துச் சுற்று. ஐம்பது சுற்று. உருளை மட்டும் இரைந்தது.

அந்த அம்மா முதலில் காத்திருந்தார். பிறகு முக்காலியிலிருந்து எழுந்து பக்கத்தில் வந்து குனிந்து கேட்டார். பிறகு மெக்கானிக்கின் முகத்தைப் பார்த்தார். அந்த அம்மாவுக்குப் புரிந்துவிட்டது.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதாம்மா."

"அந்த உயரம்..."

"நான் வெச்சது. அவர் பூட்ஸ் போட்டிருந்தாரு. நான் கவனிக்கல. அப்புறம் மூணு தடவை வந்தாரு, அப்பவும் ஏத்திப் பார்க்கல."

அந்த அம்மா சீட்டுக் கம்பியைத் தொட்டுப் பார்த்தார். கோடு இருந்த இடத்தை விரல் தேடியது.

"சிவப்பா ஒண்ணு இருந்துச்சே?"

"உள்ள போயிடுச்சும்மா. அங்கதான் இருக்கு."

திட்டுவார் என்று மெக்கானிக் எதிர்பார்த்தார். அழுதிருந்தால்கூடப் போதும். அந்த அம்மா இரண்டையும் செய்யவில்லை. சுவரிலிருந்து மூன்று சீட்டுகளையும் ஓரம் கிழியாமல் உரித்தெடுத்துக் கைப்பைக்குள் வைத்தார். வாசல் வரை போய் நின்று, திரும்பாமலே கேட்டார்.

"அதைப் பண்ண ஒரு நிமிஷம் ஆகுமாண்ணே?"

"அவ்வளவுகூட ஆகாதும்மா."

அவர் போய்விட்டார். அதன் பிறகு அந்தக் கடைப்பக்கம் வரவே இல்லை.

இப்போது அந்தக் கடையில் காற்றடிக்க வந்தவரைக்கூட மெக்கானிக் ஏறி உட்காரச் சொல்கிறார். ஓட்டுகிற செருப்பைப் போட்டுக்கொண்டு வரச் சொல்லித் திருப்பி அனுப்புகிறார். தரையில் மண்டியிட்டு முட்டிப் பக்கம் காதை வைக்கிறார். அவசரக்காரர்கள் அலுத்துக்கொண்டு அடுத்த தெருக் கடைக்குப் போய்விடுகிறார்கள். சிலர் முதுகுக்குப் பின்னால் சிரிக்கவும் செய்கிறார்கள்.

நீல சைக்கிளை அவர் யாருக்கும் கொடுக்கவில்லை. முட்டி ஆறியதும், காலை ஆறு மணிக்குச் சன்னலைச் சாத்தி, மின்விசிறி போடாமல், மறுபடி ஏறி மிதிக்கிறார். முட்டியில் சத்தம் இல்லை. ஓடுகிறது, வெண்ணெய் மாதிரி ஓடுகிறது. நாற்பத்தோராவது நிமிடம் வரும்போது மட்டும் மூச்சை அடக்கிக்கொண்டு, தலையைச் சாய்த்துக் கேட்கிறார்.